வெட்டுக்காயத்துல வைக்கிற இலைய சாயத்தண்ணி (பிளேன்டீ) மாதிரி குடிக்கலாமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ வாசிச்சேன். லயத்துக்குப் பின்னால கான் ஓரத்துல வளர்ற வெள்ளப்பூ செடி, சிங்களத்துல ஹுலந்தலான்னு சொல்றது, உங்க அம்மாயி வெட்டுக்காயத்துக்கு அத கசக்கி வப்பாங்க, இப்ப ஃபோன்ல வந்த ஒரு வீடியோவுல அது பக்டீரியாவ கொல்லும், ஆன்டிஆக்சிடன்ட் நெறைய இருக்கு, காயவச்சு பொடி பண்ணி தினம் ரெண்டு வேள குடிங்கன்னு சொல்லியிருக்காங்க, சீனி வருத்தம் இருக்குற அம்மாவுக்கு ரெண்டு கிழமையா குடுத்துட்டு வர்றீங்க, தொடரலாமா. இதானே கேள்வி?

நிப்பாட்டுங்க. இன்னைக்கு ராவு டம்ளர்ல இருந்தே நிப்பாட்டுங்க. மத்ததெல்லாம் மெதுவா வாசிக்கலாம், இது மட்டும் இப்பவே.

சும்மா பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்க. நானும் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன்தான், எனக்கும் சின்ன வயசுல கால்ல கத்தி பட்டப்ப எங்க அம்மா இதே இலைய வாயில போட்டு மென்னு துப்பி வச்சு சீலத்துணியால கட்டுனாங்க, அந்த வடு இன்னும் கணுக்காலுக்கு மேல இருக்கு. பொறவு கெம்பஸ்ல மைக்ரோபயலஜி படிச்சு கொஞ்ச வருசம் லேப்ல இதே மாதிரி இலை தழைகள அரைச்சு பக்டீரியா மேல போட்டுப் பாக்குற வேலையும் செஞ்சேன். அதுனால அந்த வீடியோல சொன்ன ரெண்டு விசயமும் முழுப்பொய்யின்னு சொல்ல மாட்டேன். ரெண்டும் உண்மதான். ஆனா அந்த உண்ம ஒரு கண்ணாடித் தட்டுக்குள்ள நடந்த உண்ம, அத அப்படியே தூக்கி அம்மாவோட வயித்துக்குள்ள வச்சாதான் பிரச்சினை.

மொதல்ல செடி சரியான செடிதானான்னு பாருங்க. ஹுலந்தலாவோட தாவரவியல் பேரு அஜெராட்டம் கோனிசோய்டிஸ், தமிழ்ல பூம்புல்லுன்னும் அப்பக்கொடின்னும் சொல்ற ஆளுங்க இருக்காங்க. முட்டி அளவு இடுப்பு அளவு வளரும், தண்டுலயும் இலையிலயும் மெல்லிசா மயிரு இருக்கும், இலை எதிரெதிரா வரும், ஓரத்துல ரம்பம் மாதிரி மழுங்கல் பல்லு, நுனியில கொத்தா பஞ்சு மாதிரி வெள்ளையாவோ லேசான நீலமாவோ பூ. கசக்கி மோந்து பாத்தா ஒரு ஆட்டு வாட வரும், வெள்ளக்காரன் அதுனாலதான் ஆட்டுக்களைன்னு பேரு வச்சான். சில செடியில இலை நரம்பெல்லாம் மஞ்சளா வலை போட்ட மாதிரி இருக்கும் பாருங்க, அது செடிக்கு வந்த வைரஸ் வருத்தம், வெள்ள ஈ பரப்புறது. நம்ம ஊர்ல வெள்ளப்பூ பூக்குற ஒரே செடி இது இல்ல, மிஸ்ட் ஃபிளவர்னு ஒன்னு தண்ணி ஓடுற கான் ஓரத்துல அடர்த்தியா கிடக்கும், நக்கிள்ஸ் மலைப் பக்கம் காட்டு ஓரமா ஆள் உயரத்துக்கு மேல புதரா நிக்கிற ஔஸ்ட்ரோயுபட்டோரியம்னு ஒன்னு, எல்லாம் ஒரே குடும்பம், எல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்து நம்ம மலைய புடிச்ச செடிகதான். ஹுலந்தலாவும் அப்படி வந்ததுதான். ஒரு செடி 40,000 விதை வரைக்கும் போடும், காத்துல பறக்கும், அதுனாலதான் சொரண்டி எடுத்து ஒரு மாசம் ஆகுறதுக்குள்ள திரும்ப மலை வெள்ளையா பூத்துக் கிடக்கு.

பேர்ல ஒரு வேடிக்கை இருக்கு. அஜெராட்டம்னா கிரேக்கத்துல மூப்பில்லாததுன்னு அர்த்தம், பறிச்சாலும் பூ ரொம்ப நாள் வாடாம இருக்கும்னு வச்ச பேரு. வீடியோக்காரங்களுக்கு இந்த ஒரு விசயம் தெரிஞ்சிருந்தா இளமை மூலிகைன்னே வித்திருப்பாங்க. ஆனா 1976ல அமெரிக்காவுல பவர்ஸ்னு ஒரு விஞ்ஞானி இதோட அக்கா தங்கச்சி முறை செடி ஒன்னுல இருந்து பிரிகோசீன்னு ஒரு சாமான பிரிச்செடுத்தார், அது நம்ம ஹுலந்தலாவுலயும் இருக்கு, அது என்ன செய்யும்னா பூச்சியோட குஞ்சுப்பருவத்த காக்குற ஹோர்மோன நிப்பாட்டிடும், குஞ்சு வளர்றதுக்கு முந்தியே குட்டியூண்டு கெழப்பூச்சியா மாறி முட்ட வைக்க வழியில்லாம செத்துப்போகும். மூப்பில்லாத செடிக்குள்ள காலத்துக்கு முந்தி மூப்பாக்குற மருந்து. செடி அத நமக்காக செஞ்சு வைக்கல, தன்னைத் தின்ன வர்ற பூச்சிக்கு வச்ச பொறி அது. இந்த ஒரு விசயத்த மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்த வாசிங்க.

இப்ப பக்டீரியா கதைக்கு வருவோம்.

லேப்ல என்ன செய்றோம்னா இலைய நெழல்ல காயவச்சு பொடியாக்கி மெத்தனோல்ங்கிற ஒரு வகை ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு வடிகட்டி மெத்தனோல ஆவியாக்கிட்டா அடியில கரும்பச்சையா தார் மாதிரி ஒட்டிக்கிட்டு ஒன்னு மிஞ்சும். அதான் எக்ஸ்ட்ராக்ட். அத அளந்து கரைச்சு 6 மில்லிமீட்டர் வட்டக் கடதாசில சொட்டு விடுவோம். ஒரு தட்டுல ஜெலி மாதிரி ஏகார் ஊத்தி அதுமேல பக்டீரியாவ பஞ்சால சீரா தடவி அந்தக் கடதாசிய வச்சு 37 பாகைல ஒரு ராத்திரி வைப்போம். காலைல வந்து பாத்தா தட்டு முழுக்க பக்டீரியா பால் ஆடை மாதிரி படிஞ்சிருக்கும், கடதாசியச் சுத்தி மட்டும் வட்டமா தெளிவா இருந்தா சரி, ஏதோ ஒன்னு பக்டீரியாவ வளர விடல. அந்த வட்டத்த ரூலரால அளந்து எழுதுவோம். பக்டீரியாவ கொல்லும் மூலிகைன்னு வர்ற செய்தில முக்கால்வாசி இந்த வட்டத்த வச்சு எழுதுனதுதான்.

நான் மொத மொதல்ல இப்படி ஒரு வட்டத்தப் பாத்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. 14 மில்லிமீட்டர். எனக்கு கையெல்லாம் நடுங்குது, அம்மா மென்னு வச்ச இலை வேலை செய்யுதுன்னு ஃபோன் பண்ணி சொல்லலாமான்னு கூட நெனச்சேன். மேடம் வந்து தட்டத் திருப்பிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, பிளேங்க் எங்கன்னு. பிளேங்க்குன்னா மருந்தே போடாம வெறும் மெத்தனோல மட்டும் விட்ட கடதாசி. அது தட்டோட இன்னொரு மூலைல இருந்துச்சு, அதச் சுத்தியும் 11 மில்லிமீட்டர் வட்டம்! கடதாசி சரியா காயாம வச்சுட்டேன், மெத்தனோலே பக்டீரியாவ கொன்னுருக்கு. மூணு நாள் வேலை குப்பைல. திரும்ப செஞ்சப்போ ஹுலந்தலாவுக்கு வட்டம் வந்துச்சுதான், பொய் இல்ல, ஆனா சின்னதா வந்துச்சு. அன்னைக்கிருந்து மூலிகை வட்டம்னு எதப் பாத்தாலும் என் கண்ணு மொதல்ல பிளேங்கத்தான் தேடும்.

வட்டம் பெருசா இருந்தா மருந்து பலமா இருக்குன்னும் அர்த்தமில்ல. தண்ணில கரையுற சாமான் ஜெலிக்குள்ள லேசா பரவும், எண்ணெய் மாதிரியான சாமான் பரவாம கடதாசிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு வட்டம் சின்னதா வரும். அதுனால சரியா தெரியணும்னா எவ்வளவு கொறஞ்ச அளவுல பக்டீரியா வளராம நிக்குதுன்னு பாதி பாதியா கொறச்சுக்கிட்டே போய் பாக்கணும். எந்தப் பக்டீரியாங்கிறதும் முக்கியம். தோல்ல புண்ணுல சீழ் வைக்கிற ஸ்டெஃபைலோகொக்கஸ் மாதிரி வகைகளுக்கு வெளில இருக்குற சுவர் தடிப்பா இருந்தாலும் ஓட்ட ஓட்டையா இருக்கும், மருந்து உள்ள போயிரும். ஈ.கோலை, சூடோமோனாஸ் மாதிரி வகைகளுக்கு அதுக்கும் மேல கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு. சட்டையோட மலைக்குப் போனவங்க மழைல நனையுறதுக்கும் ரப்பர் சீட்டும் படங்கும் கட்டிக்கிட்டுப் போனவங்க நனையுறதுக்கும் இருக்குற வித்தியாசம்னு வையுங்களேன். இலை தழை மருந்துகள் பொதுவா மொத வகைலதான் வேலை செய்யும், ரெண்டாவது வகைல ரொம்பக் கொறைவு. ஹுலந்தலாவும் அந்தப் பொது வழக்கத்துலதான் வருது.

சரி, வேலை செய்யுற அளவையே எடுத்துக்குவோம். ஒரு பேச்சுக்கு ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் இருந்தா பக்டீரியா நிக்குதுன்னு வையுங்க, மூலிகைக் கட்டுரைகள்ல இந்த மாதிரி அளவு சாதாரணம், நல்ல அன்டிபயோடிக்குக்கு இதுல ஆயிரத்துல ஒரு பங்கு போதும். பெரிய ஆளுக்கு ரத்தம் சுமார் 5 லீட்டர். அப்ப ரத்தத்துக்குள்ள மட்டும் 5 கிராம் எக்ஸ்ட்ராக்ட் இருக்கணும். காஞ்ச இலைல பத்துல ஒரு பங்கு எக்ஸ்ட்ராக்டா வரும்னு போட்டா 50 கிராம் காஞ்ச இலை, பச்சையா இருந்தா கால் கிலோ. ஆனா குடிச்சதெல்லாம் ரத்தத்துலயே நிக்காது, ஒடம்பு முழுக்க இருக்குற 40 லீட்டர் தண்ணிலயும் பரவும், அப்ப ரெண்டு கிலோ பச்சை இலை. அதுவும் குடிச்சது ஒரு துளி விடாம குடல் உறிஞ்சி, ஈரல் ஒன்னத்தையும் ஒடைக்காம விட்டாத்தான். ஒரு கரண்டி பொடியப் போட்டு குடிச்சா உள்ள இருக்குற கிருமி சாகும்னு சொன்னவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிஞ்சும் சொல்லிருந்தா அது வேற கதை.

ஆனா தோலுக்கு மேல இந்தக் கணக்கு செல்லாது, ஏன்னா அங்க பரவுறதுக்கு 40 லீட்டர் இல்ல. ஒரு பிடி இலைய கசக்கி ஒரு இஞ்சி வெட்டுல வச்சா சாறு அந்த எடத்துலயே நிக்குது, அதுனாலதான் அம்மாயி செஞ்சது முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்கா, பிரேசில், இந்தியா, நம்ம நாடுன்னு ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத எடத்து ஆளுங்க எல்லாம் இந்த செடிய காயத்துக்குத்தான் வச்சிருக்காங்க. அட்டை கடிச்ச எடத்துலயும் வைப்பாங்க நம்ம ஆளுங்க, அட்டையோட எச்சில்ல ரத்தத்த உறைய விடாத சாமான் இருக்குறதால அது விழுந்த பொறவும் ரத்தம் நிக்காம கால் வழியா செருப்புக்குள்ள ஓடுமில்ல, அதுக்கு. இதுல ஒரு சின்ன விசயம், இலைய வச்சு அஞ்சு நிமிசம் விடாம அமுக்கிப் புடிக்கிறோமே, ரத்தம் நின்னதுல பாதிக்கு மேல பேரு அந்த விரலுக்குப் போகணும். சுத்தமான துணிய வச்சு அமுக்கியிருந்தாலும் நின்னிருக்கும். மீதி இலைல இருக்குற துவர்ப்புக்கு, பாக்கு மென்னா வாய் சுருங்குற மாதிரி அது சதைய சுருக்கும்.

காயத்துக்கு வச்சாலும் ரெண்டு விசயம் இருக்கு. ஒன்னு மண்ணு. கான் ஓரத்துல ஆடு மாடு நடக்குற எடத்துல முளைச்ச செடி, அந்த மண்ணுல ஏற்பு வர வைக்கிற டெட்டனஸ் கிருமி விதை மாதிரி ஓடு போட்டுக்கிட்டு வருசக்கணக்கா கிடக்கும். அந்த ஓட்ட ஹுலந்தலா சாறு ஒன்னும் செய்யாது, கொதிதண்ணிக்கே அது லேசுல சாகுறதில்ல. ஆழமான வெட்டுக்குள்ள மண்ணு ஒட்டுன இலைய வச்சு இறுக்கிக் கட்டுனா அந்தக் கிருமிக்கு வேணுங்கிற காத்தில்லாத இருட்டு எடத்த நாமளே செஞ்சு குடுக்குறோம். கவ்வாத்துக் கத்தி பட்டா, மண்வெட்டி பட்டா, ஓடுற தண்ணில சவுக்காரம் போட்டு நல்லா கழுவி சுத்தமான துணியால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு டிஸ்பென்சரிக்கு போங்க, ஏற்பூசி போட்டு எத்தன வருசமாச்சுன்னு அவங்க கேப்பாங்க. வாயில மெல்லுற பழக்கத்த சுத்தமா விட்ருங்க, மனுச வாயில இருக்குற பக்டீரியாவ எண்ணி முடியாது. எனக்கு எங்க அம்மா வச்சது ஆறுச்சுன்னா அது இலையோட திறமையா என் அதிர்ஷ்டமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு சந்தேகம்.

ரெண்டாவது மருந்தடிச்ச மலை. 2015ல கிளைபோசேட்டுங்கிற களைக்கொல்லிய தடை பண்ணாங்க, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டாங்க, 2021ல ஒட்டுமொத்தமா உரம் மருந்து எல்லாத்தோட இறக்குமதியையும் நிப்பாட்டி அந்த வருசக் கடைசில வாபஸ் வாங்குனாங்க, இந்த இழுபறில எந்த மலைல எப்ப என்ன அடிச்சாங்கன்னு அடிச்ச ஆளுக்கு மட்டும்தான் தெரியும். களைக்கு மருந்தடிச்சா மொத அடி வாங்குறதே ஹுலந்தலாதான். அடிச்ச ரெண்டு மூணு நாளைக்கு செடி பச்சையாவே நிக்கும், பாத்தா ஒன்னும் தெரியாது. அத பறிச்சு காயவச்சு பொடி பண்ணா செடியோட சேத்து மருந்தும் போத்தலுக்குள்ள வந்துரும்.

இனி ஆன்டிஆக்சிடன்ட், அதாவது எலக்ட்ரோன் குடுத்து மத்த சாமான கெட்டுப்போகாம காக்குற சாமான். இந்தச் சொல்ல கேட்டாலே நம்ம சனத்துக்கு ஒரு மரியாத வந்துருது.

டெஸ்ட் எப்படின்னா டிபிபிஹெச்னு ஒரு பொடி, கரைச்சா நல்ல கத்தரிப்பூ நெறத்துல இருக்கும். அதுக்கு ஒரு எலக்ட்ரோன் கொறை, யாராவது குடுத்தா வாங்கிக்கிட்டு மஞ்சளாயிரும். இலைச்சாற ஊத்தி அரைமணி நேரம் இருட்டுல வச்சு நெறம் எவ்வளவு வெளுத்துச்சுன்னு 517 நனோமீட்டர்ல மிசின்ல அளக்குறோம். 1958ல பிளாய்ஸ்னு ஒருத்தர் எழுதுன முறை, சுகமா செய்யலாம், செலவும் கம்மி, அதுனாலதான் கெம்பஸ் புரொஜெக்ட்டுன்னா பாதிப்பேர் இதத்தான் எடுக்குறாங்க, நானும் எடுத்தேன். ஒருநாள் அலுத்துப்போய் மேசைல இருந்த என்னோட ஆறிப்போன சாயத்தண்ணில இருந்து ஒரு துளி எடுத்து மிச்சமிருந்த டிபிபிஹெச்ல விட்டேன். கத்தரிப்பூ நெறம் கண்ணு முன்னாலயே தேனு நெறமாயிருச்சு, அரைமணி நேரமெல்லாம் தேவப்படல. ஒரு வாரமா மாங்கு மாங்குன்னு அரைச்ச ஹுலந்தலா எக்ஸ்ட்ராக்ட் அதுக்குப் பக்கத்துல கூட வரல.

ஏன்னா பச்சை இலைன்னாலே அதுல இந்த சாமான் இருந்தாகணும். வெயில்ல நின்னு ஒளிய வச்சு சமைக்கிற ஒரு சாமான் தன்னோட சொந்த அடுப்புச் சூட்டுல தானே கருகிப் போகாம இருக்க பொலிபீனோல்னு சொல்ற துவர்ப்பு வகைகள செஞ்சு வச்சுக்கும், அதுலயும் நம்ம மலை உயரத்துல வெயிலோட ஊதாக்கதிர் கூட. கொய்யா இலைய போட்டாலும் வெளுக்கும், பேர் தெரியாத புல்லப் போட்டாலும் ஓரளவுக்கு வெளுக்கும். தேயிலைக் கொழுந்துலயோ கேக்கவே வேணாம், காஞ்ச எடைல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கே கட்டெக்கின் அது இதுன்னு பொலிபீனோல்தான், தலவாக்கலைல சென் கூம்ஸ் தோட்டத்துல இருக்குற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துல அதப் படிக்கிறதே ஒரு பெரிய வேலை. நாள் முழுக்க கூடை கூடையா உலகத்துக்கே ஆன்டிஆக்சிடன்ட்ட பறிச்சுப் போட்டுட்டு கான் ஓரத்துல இருக்குற களைய ஆன்டிஆக்சிடன்ட்டுக்காக காயவச்சுக் குடிக்கிறோம், இத நெனச்சா எனக்கு சிரிப்பும் வருது கொஞ்சம் கவலையாவும் இருக்கு. அம்மாவுக்கு ஆன்டிஆக்சிடன்ட் வேணும்னா சீனி போடாம ஒரு பிளேன்டீ குடுங்க, முடிஞ்சா டஸ்டு கழிவு இல்லாம நல்ல தேயிலைல.

அதுவும் தட்டுல வெளுக்குறதுக்கும் ஒடம்புல வேலை செய்றதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு. பொலிபீனோல்ல ரொம்பக் கொஞ்சம்தான் குடல் தாண்டி ரத்தத்துக்குப் போகும், போனதையும் ஈரல் புடிச்சு மாத்தி ஒன்னுக்கு வழியா அனுப்பிரும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் எந்தச் சாப்பாட்டுல எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் பலம்னு ஒரு பெரிய அட்டவணை போட்டு வச்சிருந்துச்சு, 2012ல அவங்களே அத எடுத்துட்டாங்க, கம்பெனிக்காரன் அந்த நம்பர காட்டி சாமான் விக்கிறான், அந்த நம்பருக்கும் ஒடம்புல நடக்குறதுக்கும் சம்பந்தமில்லன்னு. ஃபின்லாந்துல சிகரெட் குடிக்கிற 29,133 ஆம்பளைங்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் குளிசை குடுத்துப் பாத்தாங்க, நுரையீரல் கேன்சர் கொறையும்னு நம்பி. 1994ல முடிவு வந்துச்சு, அதுல பீட்டா கரோட்டின் குளிசை எடுத்தவங்களுக்கு கேன்சர் கொறையல, 18 வீதம் கூடியிருந்துச்சு. நல்லதுன்னு குடுத்த குளிசை. இத நான் பாடமெடுக்கும்போது சொன்னா பிள்ளைங்க நம்பவே மாட்டேங்குறாங்க.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் குடிச்சா பிரயோசனம் இல்லங்கிற வரைக்கும்தான். நிப்பாட்டுங்கன்னு மொத வரில சொன்னதுக்குக் காரணம் அது இல்ல, பிரயோசனமில்லாத கசாயம் எத்தனையோ குடிக்கிறோம், யாரும் சாகல. காரணம் ஈரல்.

ஹுலந்தலாவுக்குள்ள பைரோலிசிடின் அல்கலோயிட்னு ஒரு வகை நஞ்சு இருக்கு. வாய்க்குக் கசப்பு கூட பெருசா தெரியாது, குடிச்ச உடனே வயித்த வலிக்காது, வாந்தி வராது, அதான் இதோட சூழ்ச்சி. அது வர்றப்ப நல்லபிள்ளையாத்தான் வரும், நம்ம ஈரல்தான் வழக்கமா எல்லாத்தையும் ஒடைக்கிற மாதிரி இதையும் ஒடைக்கப் போய் ஒடைஞ்ச துண்டு நஞ்சா மாறி அங்கயே பக்கத்துல இருக்குற சின்னச் சின்ன ரத்தக் குழாயோட உள்சுவர அரிச்சிரும். குழாய் அடைச்சா ஈரலுக்குள்ள வந்த ரத்தம் வெளில போக வழியில்லாம தேங்கி, ஈரல் வீங்கி, வயித்துல தண்ணி கோத்துக்கும். கொதிக்க வச்சா போகாது, காயவச்சா போகாது. ஒரே நாள்ல நெறைய குடிச்சாலும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல குடிச்சாலும் சேந்து சேந்து வரும்.

இது எங்கயோ லேப் எலிக்கு வந்தது மட்டும் இல்ல. 1950கள்ல ஜமைக்காவுல சின்னப் பிள்ளைங்க வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க, தேடிப் பாத்தா வீட்ல காய்ச்சிக் குடுத்த காட்டு இலைத் தேத்தண்ணி, கிலுகிலுப்ப இனத்துச் செடி, அதுலயும் இதே வகை நஞ்சு. எத்தியோப்பியாவோட வடக்குல திக்ராய்ங்கிற பகுதில 2000க்குப் பொறகு ஒரு கிராமத்துல வீட்டுக்கு வீடு இப்படி வயிறு வீங்கி செத்தாங்க, என்ன நோய்னே தெரியாம வருசக்கணக்கா அலைஞ்சு கடைசில பாத்தா அவங்க சாப்புடுற தானியத்துல களைச்செடியோட விதை கலந்திருக்கு. அந்தக் களை நம்ம ஹுலந்தலாவேதான், வேற இனம் இல்ல, இதே அஜெராட்டம் கோனிசோய்டிஸ். நம்ம நாட்டுலயும் கண்டிக்குப் பக்கத்துல பேராதனைப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஆர்சகுலரத்னவும் கூட இருந்தவங்களும் நாட்டு வைத்தியத்துல பாவிக்கிற 50 மூலிகைய எடுத்து இந்த நஞ்சுக்குன்னே தேடி 1981ல எழுதுனாங்க, கிலுகிலுப்ப உட்பட மூணுல இருக்குன்னு. நாப்பது வருசத்துக்கு மேலாச்சு, கண்டியில இருந்து வந்த சேதி இன்னும் மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களுக்கு வந்து சேரல, வீடியோ மட்டும் ஒரு ராத்திரில வந்துருச்சு.

எங்க பாட்டி பூட்டியெல்லாம் பாவிச்சாங்களேன்னு கேப்பீங்க. பாவிச்சாங்க, வெளில பூச. உங்க அம்மாயியையே கேட்டுப் பாருங்க, இத தினமும் காய்ச்சிக் குடிச்சாங்களான்னு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நம்ம லயத்துல யாரும் வல்லாரை மாதிரியோ பொன்னாங்கண்ணி மாதிரியோ இத கீரைன்னு சட்டில போட்டதில்ல. ஆடு கூட வேற புல்லு இருந்தா இத தள்ளி வச்சிட்டுத்தான் மேயும். பழக்கத்துல இருந்த அளவையும் எடத்தையும் மாத்திட்டு பாரம்பரியம்னு பேர மட்டும் ஒட்டிக்கிறது இப்ப வந்த வழக்கம். நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்ல, பரம்பரையா பாக்குற வெதமாத்தயா கிட்ட போனா அவரு இதக் குடிக்கக் குடுக்க எத்தன தடவ யோசிப்பாருன்னு பாருங்க.

உங்க அம்மாவுக்கு சீனி வருத்தம்னு எழுதியிருக்கீங்க, அதுனால காயத்துக்கு வைக்கலாம்னு மேல சொன்னத அவங்களுக்கு எடுத்துக்காதீங்க. சீனி கூடுன ஆளுக்கு கால்ல உணர்ச்சி கொறையும், மலைல நடக்கும்போது தேயிலை வாதுல குத்துனதோ அட்டை கடிச்ச எடத்த சொறிஞ்சதோ தெரியவே தெரியாது, ரத்த ஓட்டமும் கொறைவு, அங்க புண்ணு வந்தா அதுல இருக்குறது பெரும்பாலும் ஒரு வகைக் கிருமி இல்ல, மேல சொன்ன ரெண்டு வகையும் கலந்து இருக்கும், படங்கு கட்டுன வகையும் சேத்துத்தான். இலைய வச்சு கட்டி நாலு நாள் கழிச்சு அவுத்துப் பாக்குற நேரத்துக்குள்ள விரல் கறுத்துப் போன ஆளுங்கள நான் பாத்திருக்கேன், பேர் சொல்லல, எங்க லயத்துலயே ஒருத்தங்க, பெருவிரலோட போச்சேன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. ஒவ்வொரு நாள் ராவும் அம்மாவோட ரெண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரைக்கும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. செருப்பில்லாம பெரட்டுக்கு, அதான் காலைல வேலைக்குப் பேர் பதியுற எடத்துக்கு, போக விடாதீங்க. கிளினிக் மருந்த இந்தப் பொடியால நிப்பாட்டியிருந்தா நாளைக்கு காலைலயே திரும்ப ஆரம்பிங்க, இதக் கேக்காம விட்டுட்டேன், நிப்பாட்டலன்னு நம்புறேன்.

ரெண்டு கிழம குடிச்சதுக்கு பயந்து தூக்கம் கெட வேணாம், ஆனா பாக்காமலும் விடாதீங்க. வயிறு உப்பலா இருக்கா, பாவாட நாடா வழக்கத்த விட இறுக்குதா, வலது பக்க விலாவுக்குக் கீழ பாரமா வலியா இருக்கா, கண்ணு மஞ்சளா இருக்கா, ஒன்னுக்கு சாயத்தண்ணி நெறத்துல போகுதா, சும்மா இருக்கும்போதே எடை கூடுதா, இதுல ஒன்னு இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒன்னுமே இல்லன்னாலும் அடுத்த கிளினிக்குல சொல்லி ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்க, எஸ்ஜிபிடி எஸ்ஜிஓடின்னு சொன்னா போதும். மிச்சம் இருக்குற பொடிய வீசிடாதீங்க, போத்தலோட எடுத்துட்டுப் போங்க, ஒரு பூவோட இருக்குற கெளையும் கடதாசில சுத்தி எடுத்துக்கோங்க. டொக்டர் சிங்கள ஆளா இருந்தா ஹுலந்தலான்னு சொன்னா டக்குன்னு புரியும், எவ்வளவு பொடி, நாளைக்கு எத்தன தடவ, எந்தத் திகதில இருந்துன்னு ஒரு துண்டுல எழுதி வச்சுக்கிட்டுப் போங்க, அங்க கூட்டத்துல நின்னுக்கிட்டு யோசிக்க நேரம் இருக்காது. ஏசுவாங்கன்னு பயந்து மறைக்க மட்டும் வேணாம், ஏசுனா ஏசட்டும். ரிப்போர்ட் வந்தா இங்கயே நம்பரப் போடுங்க, பாத்துச் சொல்றேன்.